எண்ணெய் பூசி வைத்த தூண்டில் முட்களும் துருப்பிடிப்பது ஏன்?

பாம்பன் தென்கரை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் நாட்டுப்படகு ஒன்று இருக்கிறது. தந்தையார் அதில் ஆயிரங்கால் தூண்டில் (ஒரு நீண்ட தாய்க்கயிற்றில் முள் கட்டிய கிளைக்கயிறுகள் பல தொங்குவது) போடுகிறார். நான் இராமநாதபுரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு விடுமுறை நாட்களில் மட்டும் அவருக்குத் துணையாகப் போகிறேன். கடந்த அக்டோபர் இறுதியில் படகின் அடிப்பலகையைப் பழுதுபார்ப்பதற்காகக் கரையேற்றியதால் பொங்கல் வரை தொழில் இல்லை. அந்த இரண்டரை மாதமும் தூண்டில் சாமான்களைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்; ஆகவே நடந்ததற்கு வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

கிளைக்கயிறுகளிலிருந்து அறுத்தெடுத்த ஏறத்தாழ 400 முட்களை வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் இரண்டு முறை அலசினேன். ஒரு பகல் முழுவதும் திண்ணையில் நிழலில் உலர்த்தி, தேங்காய் எண்ணெயில் நன்றாகப் புரட்டி, ஐம்பது ஐம்பதாகச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிப் பெரிய பிஸ்கட் தகர டப்பாவில் அடுக்கினேன். இடம் மிச்சமிருந்ததால் பித்தளைச் சுவிவல்கள் (கயிறு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்புகள்), ஈயக்குண்டுகள், பாதி செலவாகியிருந்த புதுமுள் பெட்டி ஆகியவற்றையும் அதிலேயே போட்டு மூடி, ஓட்டுக்கூரைக்கு அடியில் உள்ள பரணில் வைத்துவிட்டேன்.

தை மாதம் திறந்தபோது பொட்டலங்கள் கல்லாக இறுகியிருந்தன. பிரித்தால் ஒவ்வொரு முள்ளின் வடிவமும் காகிதத்தில் பழுப்பாக அச்சாகியிருந்தது. நடுக்கம்பி ஓரளவு தெளிவாகவே இருந்தாலும், கயிறு கோக்கும் காதிலும், நுனிக்குக் கீழே உள்ள எதிர்முள்ளின் இடுக்கிலும் துரு பூத்திருந்தது. காதின் அருகே பிடித்து அழுத்திய சில முட்கள் விரலிடையிலேயே ஒடிந்தன. பாதிக்கு மேல் உதவாது என்று தந்தையார் ஒதுக்கிவிட்டார். கடல்நீரையே காணாத அந்தப் புது முட்களும் கெட்டுவிட்டன.

என்னை உண்மையில் குழப்புவது வேறொன்று. தந்தையாரின் துணி அலமாரியில், சட்டைகளுக்கு அடியில், உறை பிரிக்காத 100 முள் பெட்டி ஒன்று மூன்று ஆண்டுகளாகக் கிடக்கிறது. அதற்கு யாரும் எண்ணெய் தடவவில்லை, ஆனாலும் வாங்கிய நாளில் இருந்த பளபளப்பு குறையவில்லை. எண்ணெய் பூசியது கெட்டது, பூசாதது நன்றாக இருக்கிறது என்றால் நான் எங்கே தவறினேன்? ஒதுக்கிய முட்களைப் புளியிலோ வினிகரிலோ ஊறவைத்து மீட்க முடியுமா என்பதையும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வடகடல் வத்தை (தங்கச்சிமடம்) பதில்:

தம்பி, நீங்கள் பூசிய எண்ணெயைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கோ நீங்கள் அலசிய தண்ணீரின் மேல்தான் சந்தேகம். தீவில் பல வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று நீரில் சோறு வடித்தாலே உவர்ப்புத் தெரியும். அந்த நீரில் கடலுப்பை அலசுவது, கறைபட்ட துணியைச் சேற்று நீரில் துவைப்பது போலத்தான். அலசிய முள்ளை நாக்கின் நுனியில் வைத்துப் பார்த்தீர்களா? நான் இன்றும் அப்படித்தான் பார்க்கிறேன். பேரப்பிள்ளைகள் பார்க்கும்போது மட்டும் செய்வதில்லை.

எங்கள் வீட்டில் இதற்கென்று தனிக் குடம் உண்டு. மழைக்காலத்தில் ஓட்டுத் தாழ்வாரத்தில் விழும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வோம். அது தீர்ந்தபின் காவிரிக் கூட்டுக் குடிநீர். குடிக்க வரும் தண்ணீரைத் தூண்டிலுக்கு ஊற்றுவதா என்று வீட்டில் பேச்சு வாங்க வேண்டியிருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் குறைந்த நீரில் அலசும் முறையைப் பழகிக்கொண்டோம். உவர்நீர் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறதே, முதலில் அதில் இரையின் நெய்யும் மீன் கவிச்சியும் போகும்படி தேய்த்துக் கழுவுங்கள். பிறகு நல்ல நீர் ஒரு லிட்டரை ஒரு சட்டியில் ஊற்றி, முட்களை அதில் குலுக்கி, வடித்து, மீண்டும் ஒரு லிட்டர், மீண்டும் ஒரு லிட்டர் என்று மூன்று முறை செய்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பாட்டனார் காலத்தில் முள் இவ்வளவு மலிவாகக் கிடைக்கவில்லை. கொல்லன் அடித்துக் கொடுத்த இரும்புத் தூண்டில்களை அவர் ஒரு மண்கலயத்தில் சிப்பிச் சுண்ணாம்பைக் கரைத்து, அந்தத் தெளிநீருக்குள்ளேயே மூழ்க வைத்திருப்பார். கலயத்தின் வாயைத் தென்னம்பாளையால் மூடிக் கட்டியிருப்பார். நீருக்குள் கிடந்தும் இரும்பு துருப்பிடிக்காதது எப்படி என்று சிறுவயதில் எனக்கு வியப்பாக இருக்கும். அதன் காரணத்தைப் படித்தவர்கள் யாராவது சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன்.

மண்டபம் வாசகன் பதில்:

உலோக அரிமானம் தொடர்பான வேலையில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், பெரியவர் சொன்னதற்குக் காரணம் சேர்க்க விரும்புகிறேன். நம் கடற்கரை இந்த ஆய்வுக்குப் பேர்போன இடம். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகங்களைக் கடற்காற்றில் வைத்து அவை எவ்வளவு விரைவில் அரிபடுகின்றன என்று பார்ப்பதற்கு மண்டபத்தைத்தான் தேர்ந்தெடுத்தது.

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் போதும் என்று பள்ளியில் படித்திருப்போம். அது சரிதான், ஆனால் சுத்தமான இரும்பு, காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்போது மிக மெதுவாகவே துருப்பிடிக்கும். உப்பு படிந்த இரும்பின் கதை வேறு. தூய சோடியம் குளோரைடு, ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டியதும் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதுவோ 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கும். வாலிநோக்கம் பக்கம் உப்பளங்களில் வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்துக் கசப்புநீர் வடிய விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கசப்புநீரில் இருப்பது பெரும்பாலும் இந்த மெக்னீசியம் உப்புகள்தான். சரியாக வடியாத கல்லுப்பு வீட்டு ஜாடியில் கார்த்திகை மாதம் கசிந்து நிற்பதற்கும் அதுவே காரணம்.

இப்போது உங்கள் டப்பாவுக்கு வருவோம். நிழலில் ஒரு பகல் உலர்த்தியதும் முள் காய்ந்ததாகத் தோன்றியிருக்கும். ஆனால் காதின் உள்வளையத்திலும் எதிர்முள்ளின் இடுக்கிலும் கண்ணுக்குத் தெரியாத உப்பு தங்கியிருக்கிறது. அதன் மேல்தான் நீங்கள் எண்ணெய் பூசினீர்கள். எண்ணெய்ப் படலம் நீராவியையும் ஆக்சிஜனையும் முற்றாகத் தடுப்பதில்லை, மெதுவாக உள்ளே விடும். உள்ளே இருக்கும் உப்பு அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செய்தித்தாளோ எண்ணெயைத் தான் உறிஞ்சிக்கொண்டு, ஈரத்தை முள்ளோடு சேர்த்து அணைத்துக்கொள்ளும். பகலில் ஓட்டின் சூட்டில் டப்பாவின் காற்று விரிந்து வெளியேறுகிறது. இரவில் குளிர்ந்து சுருங்கும்போது மழைக்காலத்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. பிஸ்கட் டப்பாவின் மூடி இதைத் தடுக்கும் அளவுக்கு இறுக்கமானதன்று. எண்ணெயில்லாமல் நலமாக இருக்கும் பெட்டியின் மர்மமும் இதுதான்: அதில் உப்பு இல்லை, அதை யாரும் திறக்கவில்லை, சட்டைத் துணிகளுக்கு நடுவே சூடும் குளிரும் அதிகம் மாறவில்லை.

காது ஏன் முதலில் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தூண்டில் முள் பெரும்பாலும் கரிமம் மிகுந்த எஃகுக் கம்பியால் செய்யப்படுகிறது. மேலே வெள்ளீயமோ நிக்கலோ பூசுகிறார்கள். இந்த உலோகங்கள் இரும்பைவிட அரிமானத்துக்கு இடம் கொடாதவை என்பதால், பூச்சு முழுமையாக மூடியிருக்கும் வரை நல்ல காவல். முடிச்சு உரசியோ, பல்லுள்ள மீன் கடித்தோ ஓரிடத்தில் கீறல் விழுந்துவிட்டால் நிலைமை தலைகீழ். ஈரத்தில் பூச்சு தப்பித்துக்கொள்ள, கீறலுக்குள் தெரியும் இரும்புதான் கரையும். அதுவும் பூச்சே இல்லாத இரும்பைவிட வேகமாகக் கரையும். துத்தநாகம் பூசிய முள்ளில் மட்டும் பூச்சு முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். பித்தளைச் சுவிவலை ஈரத்தோடு முள்ளின் மேல் கிடக்க விட்டதும் இதே வகைத் தவறு: இரு வேறு உலோகங்கள் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் வலியது பிழைக்கும், மெலிந்தது கரையும். இந்தக் கூட்டணியில் மெலிந்தது இரும்பு.

பெரியவரின் கலயத்துக்கு விளக்கம் எளிது. சுண்ணாம்புத் தெளிநீர் கடுமையான காரத்தன்மை உடையது. அதில் இரும்பின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி அரிமானத்தை நிறுத்திவிடும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி பல ஆண்டுகள் தாங்குவதும் இதனால்தான்; கடற்காற்றின் குளோரைடு ஊடுருவி அந்தப் படலத்தைக் குலைத்ததும் அதே கம்பி துருவேறிப் பருத்து, கான்கிரீட் வெடிக்கிறது. ஆகவே உப்புப் போகக் கழுவிய இரும்புத் தூண்டிலுக்குக் கலயம் நல்ல முறை. இன்றைய முட்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் வெள்ளீயமும் துத்தநாகமும் காரத்தில் கரையக்கூடியவை. தூண்டில் கயிறு சுற்றும் அலுமினிய ரீலை அதில் போட்டால் கதை முடிந்தது.

மூன்று முறை அலசுவதில் ஒரு கணக்கும் இருக்கிறது. முட்களில் ஒட்டி நிற்கும் நீர் 50 மில்லி என்று கொள்வோம். ஒரு லிட்டர் ஊற்றி வடித்தால் உப்பு ஏறத்தாழ 20-இல் ஒரு பங்காகக் குறையும். மூன்று முறை செய்தால் 8000-இல் ஒரு பங்கு. அதே மூன்று லிட்டரை ஒரே முறையில் ஊற்றினால் 60-இல் ஒரு பங்கு மட்டுமே. வீட்டில் தண்ணீருக்காகப் பேச்சு வாங்குபவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்க்கலாம்.

வினிகரும் புளியும் துருவைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் அமிலம் துருவோடு நிற்பதில்லை, இரும்பையும் தின்கிறது. அப்போது வெளிப்படும் ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுள்ளதாக ஆக்கிவிடும். தோற்றத்தில் பளிச்சென்று இருக்கும் முள், கலவாய் மீனின் ஓர் இழுப்பில் ஒடிவதற்கு அது போதும். கத்தியையும் குறடையும் அப்படிச் சுத்தம் செய்யுங்கள். முட்களை விட்டுவிடுங்கள்.

கீழக்கரை தூண்டில் கடை பதில்:

மேலே சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் உங்கள் புது முட்கள் கெட்ட காரணத்தை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. கடலுக்குப் போய் வந்த ஒரே ஒரு முள்ளைப் புதுப்பெட்டிக்குள் திருப்பிப் போட்டால் போதும், அந்தப் பெட்டி முழுவதையும் இழந்துவிடலாம். தொழில் தொடங்கிய புதிதில் என் கடையிலேயே அது நடந்தது. வாடிக்கையாளர் ஒருவர் வியர்வைக் கையால் ஒரு பிடி அள்ளி, பிடிக்கவில்லை என்று திரும்பக் கொட்டிவிட்டுப் போனார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், அவர் அள்ளிய பக்கத்தில் மட்டும் மஞ்சள் புள்ளிகள். வியர்வையும் உப்புநீர்தானே. அன்றிலிருந்து பெட்டிக்குள் யார் கையையும் விடுவதில்லை. சிறு காந்தத்தை ஒரு குச்சியில் ஒட்டி வைத்து அதனால் எடுத்துக் கொடுக்கிறேன்.

சேமிப்பதற்குத் தகர டப்பாவைவிட ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பா சிறந்தது. சிறியதாகப் பலவாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றைத் திறக்கும்போது மற்றவற்றுக்கு ஈரம் போகாது. உள்ளே பஞ்சு மெத்தை ஒட்டிய டப்பாக்கள் பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் கணவாய்த் தூண்டிலை ஈரத்தோடு ஒரு முறை அதில் குத்தி வைத்துவிட்டால் அந்தப் பஞ்சு உப்புக் கிணறாகிவிடும். பொட்டலம் கட்டச் செய்தித்தாளுக்குப் பதிலாகத் துருத்தடுப்புத் தாள் என்று இயந்திரக் கருவிக் கடைகளில் கிடைக்கும் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து மெல்ல வெளிவரும் ஆவி உலோகத்தின் மேல் படிந்து காக்கிறது. மூடிய டப்பாவில்தான் அது வேலை செய்யும், திறந்த கூடையில் போட்டால் வெறும் காகிதம்.

சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுவதும் நல்லதே. நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் அது நிறைந்துவிட்டது என்று பொருள். பலர் அதை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுகிறார்கள்; வெயிலில் அது முழுதாகக் காய்வதில்லை, 120 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாக்க வேண்டும். நீல நிறம் தருவது கோபால்ட் உப்பு, அது நச்சுப் பொருள் என்பதால் சமைக்கும் சட்டியில் வறுக்காதீர்கள். அதற்கென்று பழைய சட்டி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். அரிசியைக் கட்டிப் போடலாமா என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். அரிசியிலேயே பத்து விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கிறது. முள்ளுக்குத் துருவும் அரிசிக்கு வண்டும் சேர்ந்து கிடைக்கும்.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகச் சிக்கெடுத்துப் பிசினாகும். தையல் மிஷின் எண்ணெய் மெல்லியது, இரண்டு மாதத்துக்குப் போதும். அதற்கு மேல் வைப்பதென்றால் வாசலினைத் துணியில் தொட்டு மெல்லிய பூச்சாகத் தடவுவதே என் பழக்கம். ஸ்ப்ரே டப்பாவில் வரும் மெல்லிய எண்ணெய்கள் ஈரத்தை விரட்ட நல்லவை, ஆனால் அவற்றின் பெரும்பகுதி ஆவியாகிவிடும். நீண்ட நாள் காவலுக்கு அவற்றை நம்பாதீர்கள், ரீலின் உள்ளே கிரீஸுக்குப் பதிலாகவும் அடிக்காதீர்கள். ரீலைக் கழுவும்போது, கயிறு ஓடும் இழுவையைக் கட்டுப்படுத்தும் டிராக் திருகை இறுக்கிவிட்டு மெல்லத் தண்ணீரைத் தெளிக்க வேண்டும், வாளியில் முக்கக் கூடாது. காய்ந்தபின் திருகைத் தளர்த்தி வைக்க வேண்டும்.

தொண்டி வடக்குத் தெரு பதில்:

வாசலின் தடவிய முள்ளில் மீன் கடிக்காது என்பது எங்கள் பக்கத்து எண்ணம். மண்ணெண்ணெயில் போட்டு வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த வாடை இரண்டு நாள் ஆனாலும் கையை விட்டுப் போகாது. கடலுக்குக் கொண்டுபோகும் நாளில் சோப்பு நீரில் ஒரு முறை கழுவி நல்ல நீரில் அலசிவிட்டால் இந்தக் கவலை வேண்டாம்.

பாம்பன் தென்கரை (ஐந்து வாரங்களுக்குப் பின்):

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பெரியவர் சொன்னபடி நாக்கில் வைத்துப் பார்க்கும் துணிவு எனக்கு வரவில்லை, அதனால் வேறு வழி செய்தேன். கடைசியாக அலசிய நீரில் பத்துச் சொட்டை ஓர் எவர்சில்வர் தட்டில் விட்டு வெயிலில் காயவைத்தேன். பக்கத்திலேயே அலசுவதற்கு முன் இருந்த காவிரி நீரில் பத்துச் சொட்டு. ஆழ்துளை நீரில் அலசியது வெள்ளை வட்டமாகப் படிந்தது. காவிரி நீரில் மூன்று முறை அலசியதற்கும் அந்த வெறும் நீருக்கும் என் கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை.

பிறகு பழைய முட்களில் நல்லதாகத் தேறியவற்றை இருபது இருபதாகப் பிரித்து மூன்று டப்பாக்களில் வைத்தேன். முதலாவது ஆழ்துளை நீரில் அலசி எண்ணெய் பூசியது. இரண்டாவது நல்ல நீரில் அலசி எண்ணெய் பூசாதது. மூன்றாவது நல்ல நீரில் அலசி மிஷின் எண்ணெய் தடவியது. நேற்று திறந்தேன். முதல் டப்பாவில் பதினொன்றில் காதோரம் பழுப்பு. இரண்டாவதில் இரண்டு முட்களில் மட்டும், ஏற்கெனவே கீறல் இருந்த இடத்தில். மூன்றாவதில் ஒன்றுமில்லை. இருபது முட்களை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது என்றாலும், தந்தையார் அந்த முதல் டப்பாவை வாங்கிப் பார்த்துவிட்டு, இனிக் குழாயில் காவிரி நீர் வரும் நாளில் தூண்டிலுக்கென்று ஒரு குடம் தனியாகப் பிடிக்கச் சொல்லிவிட்டார். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.

ஒரே ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது. ஒவ்வொரு முறையும் 400 முட்களை அறுத்தெடுத்து மீண்டும் முடிவது நடக்கிற காரியமன்று. கயிற்றோடு சேர்த்து வைக்க வேண்டியிருந்தால் என்ன செய்வது?

வடகடல் வத்தை (தங்கச்சிமடம்) பதில்:

தம்பி, வாரக்கணக்கில் வைப்பதென்றால் அறுக்கவே வேண்டாம். கூடையோடு நல்ல நீரில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள், ஏனெனில் முடிச்சுக்குள் இருக்கும் உப்பு குலுக்கினால் வராது, ஊறினால்தான் வரும். நீரை மாற்றி இன்னும் இரண்டு முறை அப்படியே செய்யுங்கள். பிறகு தாய்க்கயிற்றைக் கொடியில் சரம் சரமாகப் போட்டு, முட்கள் ஒன்றையொன்று தொடாமல் கீழே தொங்கும்படி விட்டுவிட்டால், மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் நாளில் மூன்று மணி நேரத்தில் உலர்ந்துவிடும். வாடைக்காற்றில் அவ்வளவு சீக்கிரம் உலராது, அன்றைக்கு வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் போடுவதே மேல். கொடி கடலைப் பார்த்த பக்கம் இருக்கக் கூடாது, காற்றோடு வரும் உப்புத் துகள் மறுபடியும் படியும். தங்கூசியை (நைலான் இழையை) நாள்பூராவும் வெயிலில் போட்டு வைக்காதீர்கள், அது நைந்துவிடும்.

எண்ணெயை முள்ளின் வளைவிலும் காதிலும் மட்டும் ஒரு பழைய பல்துலக்கியால் தொட்டு வையுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் போகும் என்றால் மட்டும் அறுத்துவிடுவது நல்லது. முடிச்சுக்கு அடியில் துரு ஏறினால் வெளியே தெரியாது, அது முள்ளைத் தின்பதற்கு முன்பே சொரசொரப்பால் தங்கூசியை அறுத்துவிடும். ஒதுக்கிய முட்களைக் கடற்கரையில் எறியாதீர்கள், பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடம். நான் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு நிறைந்ததும் மூடியை இறுக்கிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். உங்கள் அம்மாவிடம் மழைநீர்க் குடத்தைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள்.